காத்திருக்கும் வலி, காத்திராத ரத்தம்

மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன் போகும் சாலையில் சுமார் 13 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது மாட்டுப்பட்டி. சுற்றுலா வருகிறவர்களுக்கு அது ஓர் அணைக்கட்டு, ஒரு படகுத்துறை. கால்நடை மருத்துவம் படித்தவர்களுக்கோ 1963-இல் தொடங்கிய இந்தோ-சுவிஸ் பண்ணை. சுவிஸ் பிரவுன் காளையையும் கேரளத்து நாட்டுப் பசுவையும் கலந்து ‘சுனந்தினி’ என்ற இனம் உருவானது அந்தத் திட்டத்தில்தான். இப்படிப்பட்ட பண்ணைகளில் பசுவுக்குச் சினை ஊசி போட்ட நாள் பதிவேட்டில் ஏறிவிடும். அந்த நாளிலிருந்து ஏறக்குறைய 280 நாள் எண்ணிக்கொண்டால் கன்று. கணக்கில் பெரிய குழப்பம் வராது.

அதே மலையில், எஸ்டேட் லயத்தில் தலைச்சன் பிள்ளையைச் சுமக்கிற பெண்ணுக்கு அப்படி ஒரு பதிவேடு இல்லை. அவளுக்கும் 280 நாள்தான் சொல்கிறார்கள். ஆனால் அது கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து எண்ணுவது. கரு தங்குவது அதற்குச் சுமார் இரண்டு வாரம் கழித்து. அதுவும் மாதா மாதம் ஒழுங்காகக் குளிக்கிறவர்களுக்கு. ஆகவே டாக்டர் அட்டையில் எழுதித் தரும் தேதி ஒரு மதிப்பீடு. அந்தத் தேதியிலேயே பிறக்கிற குழந்தைகள் நூற்றுக்கு நாலைந்துதான் இருக்கும். தலைப்பிரசவம் சில நாள் பிந்துவது சகஜம்.

தேதிதானே என்று விட்டுவிட முடியாது. ஒன்பதாம் மாதக் கடைசியில் ‘நாள் தாண்டிவிட்டது, வலி வர மருந்து வைக்கலாம்’ என்று டாக்டர் சொல்லும்போது, நிஜமாகவே தாண்டிவிட்டதா என்பது அந்தத் தேதியின் நம்பகத்தைப் பொறுத்தது. முதல் மூன்று மாதத்துக்குள் எடுத்த ஸ்கேனில் கருவின் நீளத்தை அளந்து சொல்லும் தேதி ஒரு வாரத்துக்கு மேல் பிசகாது. எட்டாம் மாதத்தில் முதன்முதலாக ஸ்கேன் எடுத்தால் மூன்று வாரம் வரைகூடத் தப்பலாம். அதற்குள் ஒரு குழந்தை ஒல்லியாகவும் இன்னொன்று பெரிதாகவும் வளர ஆரம்பித்திருக்கும். கர்ப்பிணி எடுக்க வேண்டிய மருத்துவ முடிவுகளில் முதலாவது, வாந்தியும் மயக்கமுமாகக் கிடக்கிற அந்தத் தொடக்க மாதங்களிலேயே வந்துவிடுகிறது.

தலைப்பிரசவத்துக்குத் தயாராவதைப் பற்றிப் பேசினால் பை கட்டுவது, பழைய வேட்டி கிழித்து வைப்பது, குங்குமப்பூ வாங்குவது என்று பட்டியல் நீளும். அதெல்லாம் இருக்கட்டும். மலையில் இருப்பவளுக்குத் தெரிய வேண்டியது வேறு: எது காத்திருக்கும், எது காத்திருக்காது?

முதலில், காத்திருப்பது. பசுவின் கன்று முன்னங்கால்களையும் மூக்கையும் நீட்டியபடி நேராக வந்துவிடும். மனிதக் குழந்தைக்கு அந்த வசதி இல்லை. தாயின் இடுப்பெலும்பு வளையம் மேலே பக்கவாட்டிலும் கீழே முன்பின்னாகவும் அகன்றது. தலையோ பெரிது. அதனால் குழந்தை பெரும்பாலும் முகத்தைப் பக்கவாட்டில் வைத்து உள்ளே இறங்கி, வழியில் கால்வட்டம் திரும்பி, தாயின் முதுகுப் பக்கம் முகம் வைத்து வெளியே வருகிறது. இரண்டு காலில் நடக்கத் தோதாக இடுப்பு இருக்க வேண்டும், பெரிய மூளைக்குத் தோதாகவும் இருக்க வேண்டும். இந்த இழுபறியில் வந்த சிக்கல்தான் மனிதப் பிரசவம் என்று 1960-இல் ஷெர்வுட் வாஷ்பர்ன் என்ற மானுடவியலாளர் எழுதினார். இடுப்பு குறுகல் என்பதைவிட, ஒன்பது மாதத்துக்கு மேல் குழந்தைக்குச் சத்துக் கொடுக்கத் தாயின் உடலால் முடிவதில்லை, அதனால்தான் அந்த நேரத்தில் பிறக்கிறது என்று 2012-இல் ஹாலி டன்ஸ்வொர்த்தும் உடன் ஆய்வாளர்களும் மறுத்தார்கள். வழக்கு இன்னும் முடியவில்லை. இரு தரப்புமே மறுக்காத ஒன்று உண்டு: மனிதப் பிரசவம் மெதுவானது, தலைப்பிரசவம் அதிலும் மெதுவானது.

எவ்வளவு மெது? அமெரிக்க டாக்டர் இமானுவேல் ஃபிரீட்மன் 1955-இல் 500 தலைப்பிரசவங்களைக் கவனித்து, கருப்பைவாய் திறப்பதை மணிவாரியாக வரைபடமாக்கினார். அந்த வழியில் வந்த பிந்தைய ஆய்வுகளிலிருந்து ‘மணிக்கு ஒரு சென்டிமீட்டர்’ என்ற விதி பிறந்தது. அரை நூற்றாண்டு உலகத்துப் பிரசவ அறைகளை ஆண்ட விதி அது. அதைவிட மெதுவாகப் போனால் டிரிப், ஊசி, கடைசியில் கத்தி. 2010-இல் 62,000-க்கும் மேற்பட்ட அமெரிக்கப் பெண்களின் பிரசவப் பதிவுகளை ஜுன் ஜாங் என்ற ஆய்வாளரின் குழு அலசியபோது வேறு படம் வந்தது. நான்கு சென்டிமீட்டரிலிருந்து ஐந்துக்குப் போகச் சிலருக்கு ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது; அப்படியும் தாயும் பிள்ளையும் நன்றாக இருக்கிறார்கள். உலக சுகாதார நிறுவனம் 2018-இல் தன் வழிகாட்டியை மாற்றிக்கொண்டது. வேகமான கட்டம் ஐந்து சென்டிமீட்டரில்தான் தொடங்குகிறது. தலைப்பிரசவத்தில் அங்கிருந்து முழுத் திறப்பு வரை 12 மணி நேரம் ஆகலாம். மணிக்கு ஒரு சென்டிமீட்டர் திறக்கவில்லை என்ற ஒரே காரணத்துக்காகத் தலையிட வேண்டாம் என்றது. அதன் பிறகு முக்கிப் பெற மூன்று மணி நேரம் வரை.

வேகமான கட்டத்துக்கு முந்திய வலி ஒரு நாள், ஒன்றரை நாள் என்று இழுக்கலாம். சூட்டு வலியா, பிரசவ வலியா என்று பாட்டிமார் சீரகத் தண்ணீர் வைத்துக் கொடுத்துப் பார்ப்பது இந்தக் கட்டத்தில்தான். அதில் தப்பில்லை. நடந்தால் குறைகிற, ஒழுங்கில்லாத வலி பெரும்பாலும் பொய்வலி. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை, ஒவ்வொன்றும் ஒரு நிமிடம், இப்படி ஒரு மணி நேரம் விடாமல் வந்தால் அது நிஜ வலி என்பது நகரத்து மருத்துவமனைகளில் சொல்லும் கணக்கு. மாட்டுப்பட்டிக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது. ஏன் என்பது இனி.

அடுத்தது, காத்திருக்காதது. டெபோரா மெய்ன் என்ற அமெரிக்கப் பொதுச் சுகாதார ஆய்வாளர் 1980-களில் ஓர் எளிய கணக்குப் போட்டார். சிகிச்சையே கிடைக்காவிட்டால், ஒவ்வொரு சிக்கலும் தாயைக் கொல்ல எவ்வளவு நேரம் எடுக்கும்? நோய்த்தொற்று என்றால் சராசரி ஆறு நாள். தலை இறங்காமல் அடைத்துக்கொண்டால் மூன்று நாள். வலிப்பு என்றால் இரண்டு நாள். கருப்பை கிழிந்தால் ஒரு நாள். பிரசவத்துக்கு முன்பு ரத்தம் போனால் 12 மணி. பிரசவத்துக்குப் பின்பு ரத்தம் போனால் இரண்டே மணி.

பேறுகாலத்தைப் பற்றி நான் படித்ததிலேயே அதிகம் உதவிய பட்டியல் இதுதான். கூகுள் வரைபடத்தை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மாட்டுப்பட்டியிலிருந்து மூணாறு அரை மணி. மூணாறிலிருந்து அடிமாலி தாலுகா மருத்துவமனைக்கு ஏறத்தாழ 30 கிலோமீட்டர், மலையிறக்கம், ஒரு மணி நேரம். கோட்டயம் மருத்துவக் கல்லூரிக்கு சுமார் 140 கிலோமீட்டர். போடிமெட்டு வழியாகத் தேனிக்கு இறங்கினால் 85 கிலோமீட்டருக்குக் குறையாது. எல்லாம் நல்ல வெயில் நாளின் கணக்கு. ஆடி மாத மழையில் சாலை இருக்குமா என்பதே கேள்வி. 2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாறு அருகே பெட்டிமுடியில் மண் சரிந்து 70 பேர் போனபோது, மின்சாரமும் போனும் செத்திருந்ததால் சேதி வெளியே வரவே மறுநாள் ஆனது. பெரியவாரைப் பாலம் அடித்துப்போனதால் ஆட்கள் போய்ச் சேரவும் தாமதமானது. மழை இல்லாத ராத்திரிகளில் படையப்பா இருக்கிறது. மூணாறுக்காரர்கள் ரஜினி படத்தின் பெயரில் கூப்பிடும் அந்தக் கொம்பன் யானை சாலையில் நின்றுவிட்டால், அது நகரும் வரை ஆம்புலன்ஸும் நிற்க வேண்டியதுதான். 2010-இல் கேரளத்தின் முதல் பழங்குடிப் பஞ்சாயத்தாக மூணாறிலிருந்து பிரிந்த எடமலைக்குடியில் நிலைமை இன்னும் மோசம். முதுவான் குடிகளிலிருந்து நிறைமாதக்காரியைக் கம்பில் கட்டிய துணியில் தோள் மாற்றித் தோள் மாற்றிக் காட்டு வழியே தூக்கி வந்த செய்திகள் வந்துகொண்டேதான் இருந்தன.

சாலை மட்டும்தான் குற்றவாளி என்றால் சமவெளியில் யாரும் சாகக் கூடாது. 2018 ஜூலையில் திருப்பூரில், யூடியூப் பார்த்து வீட்டிலேயே பிரசவம் நடத்தியதில் ஒரு பள்ளி ஆசிரியை ரத்தம் போய் இறந்தார். 2025 ஏப்ரலில் மலப்புறத்தில் வீட்டுப் பிரசவத்துக்குப் பின் இன்னொரு பெண், அவருக்கும் ரத்தப்போக்கு. இரண்டு ஊரிலும் மருத்துவமனைக்கு யானை குறுக்கே நிற்கவில்லை. மெய்னும் செரீன் தாடியஸும் 1994-இல் எழுதிய கட்டுரை தாமதத்தை மூன்றாகப் பிரிக்கிறது: போவதென்று முடிவெடுப்பதில் தாமதம், போய்ச் சேருவதில் தாமதம், சேர்ந்த பிறகு சிகிச்சை கிடைப்பதில் தாமதம். திருப்பூரிலும் மலப்புறத்திலும் நடந்தது முதலாவது. ‘இயற்கைப் பிரசவம்’ என்று மேடை போட்டுப் பேசுகிறவர்கள், வலி காத்திருக்கும் என்ற பாதி உண்மையை வைத்துக்கொண்டு ரத்தமும் காத்திருக்கும் என்று நம்பவைக்கிறார்கள். இதை வேறு மரியாதையான சொல்லில் சொல்ல எனக்கு விருப்பமில்லை.

ஏன் இரண்டே மணி? நிறைமாதத்தில் நிமிடத்துக்கு அரை லிட்டருக்கு மேல் ரத்தம் கருப்பைக்குள் பாய்கிறது. நஞ்சுக்கொடி பிரிந்ததும் அந்தக் குழாய்களின் வாய்கள் அத்தனையும் திறந்து கிடக்கும். அவற்றை மூடுவது ரத்தம் உறைவதால் மட்டும் நடப்பதில்லை. கருப்பைத் தசைநார்கள் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னியவை. குழாய்கள் அந்தப் பின்னலுக்கு நடுவே ஓடுகின்றன. கருப்பை இறுகும்போது, சுருக்குப்பையின் நாடாவை இழுத்தால் வாய் மூடுவதுபோல, அவை நெரிபட்டு மூடிக்கொள்கின்றன. கருப்பை தளர்ந்து கிடந்தால் மூடாது. குழந்தை பிறந்த ஒரு நிமிடத்துக்குள் 10 யூனிட் ஆக்ஸிடோசின் ஊசி போடுவது இந்த இறுக்கத்துக்காகத்தான். சிலர் அதையும் ‘தேவையில்லாத ஊசி’ என்கிறார்கள். பிரசவ அறையில் மறுக்கவே கூடாத ஊசி ஒன்று உண்டென்றால் அது இதுதான். மீறி ரத்தம் போனால் டிரானெக்சாமிக் அமிலம் என்ற மருந்து உண்டு. 20,000 பெண்களை வைத்து நடந்து 2017-இல் வெளியான ஆய்வில், மூன்று மணி நேரத்துக்குள் கொடுத்தால் ரத்தப்போக்கால் வரும் சாவு குறைகிறது என்று தெரிந்தது. ஒவ்வொரு கால் மணித் தாமதத்துக்கும் அதன் பலன் சுமார் 10 சதவீதம் கரைகிறது என்பதும் அடுத்து வந்த அலசலில் தெரிந்தது.

கேரளம் இந்தச் சாவுகளை ஒரு வினோதமான வழியில் படித்தது. மாநிலத்து மகப்பேறு மருத்துவர் சங்கக் கூட்டமைப்பு, டாக்டர் வி.பி. பைலி போன்றவர்களின் முயற்சியில், 2004 முதல் ஒவ்வொரு பேறுகாலச் சாவின் கோப்பையும் ரகசியமாக வாங்கிப் படிக்கத் தொடங்கியது. தாயின் பெயர் கிடையாது, டாக்டரின் பெயர் கிடையாது, மருத்துவமனையின் பெயர் கிடையாது. யாரையும் தண்டிப்பதற்கு இல்லை. என்ன நடந்தது, எங்கே தவறியது என்று மட்டும் பார்ப்பார்கள். ரத்தப்போக்கும் ரத்த அழுத்தமும் மீண்டும் மீண்டும் மேலே வந்தன. பிறகு பிரிட்டனில் சிகிச்சை நெறிகளை வகுக்கும் நைஸ் நிறுவனத்துடன் சேர்ந்து அந்த இரண்டுக்கும் தர நெறிகளை எழுதினார்கள். ஒரு லட்சம் பிரசவத்துக்கு 2010–12-இல் 66 ஆக இருந்த தாய்மார் சாவு 2018–20-இல் 19 ஆனது. அதே காலத்தில் இந்தியச் சராசரி 97, தமிழ்நாடு 54. இந்த ஒரு வேலையால் மட்டும் குறைந்தது என்று சொல்ல முடியாது. ஆனால் பழி போடாமல் படித்தால்தான் உண்மை வெளியே வரும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

இப்போது தேயிலை. அரை லிட்டர் ரத்தம் போனாலே அதை அதிக ரத்தப்போக்கு என்கிறது மருத்துவம். ஹீமோகுளோபின் 12 உள்ள பெண் அரை லிட்டரைத் தாங்கிக்கொண்டு எழுந்து உட்கார்ந்துவிடுவாள். 7 உள்ளவளுக்கு அதே அரை லிட்டர் உயிருக்கு வரும். அதாவது, இரண்டு மணி நேரம் என்ற அந்தக் கெடுவை நீட்டவோ குறைக்கவோ செய்வது அவள் கையிருப்பில் உள்ள ரத்தம். 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வில் கேரளத்துக் கர்ப்பிணிகளில் 31.4 சதவீதம் பேருக்கும் தமிழ்நாட்டில் 48.3 சதவீதம் பேருக்கும் ரத்தசோகை. நமது நாட்டுத் திட்டப்படி நான்காம் மாதத்திலிருந்து தினம் ஒரு இரும்புச்சத்து மாத்திரை, குறைந்தது 180 நாள். ஆஷா ஊழியர் வீடு தேடிக் கொடுத்துவிட்டுப் போகிறார். பெண்ணும் விழுங்குகிறாள். எதோடு? பல லயங்களில், குளிருக்கு இதமாக ஒரு கிளாஸ் கட்டன் சாயாவோடு.

தேயிலையில் உள்ள துவர்ப்புப் பொருள் இரும்பைக் குடலிலேயே கட்டிப்போட்டுவிடும். தென்னாப்பிரிக்க ஆய்வாளர்கள் 1975-இல் அளந்து பார்த்தார்கள். சோறும் உருளைக்கிழங்கு, வெங்காய சூப்பும் சேர்ந்த சாப்பாட்டோடு டீ குடித்தபோது, உடலில் சேர்ந்த இரும்பு ஏறக்குறைய நான்கில் ஒரு பங்காகச் சுருங்கிப்போனது. கொழுந்து கிள்ளியே கூலி வாங்குகிற பெண்ணின் ரத்தத்தில் அந்தக் கொழுந்தே கை வைக்கிறது. டீயை விட வேண்டாம். மாத்திரைக்கும் சாப்பாட்டுக்கும் ஒரு மணி நேரம் தள்ளிக் குடித்தால் போதும். மாத்திரையை எலுமிச்சைச் சாறோடு போட்டால் இன்னும் நல்லது. கால்சியம் மாத்திரையையும் இதையும் சேர்த்து விழுங்கக் கூடாது. மாத்திரை ஒத்துக்கொள்ளாமல் வயிறு புரட்டுகிறது என்றால் இரும்பை நரம்பில் ஏற்றுகிற வசதி இப்போது அரசு மருத்துவமனைகளிலும் உண்டு. ஆனால் ரத்தம் ஊற வாரங்கள் வேண்டும். ஐந்தாம் மாதம் எடுக்க வேண்டிய இந்த முடிவை ஒன்பதாம் மாதம் எடுத்தால், பாட்டில் ரத்தம் தேடி அலைவதுதான் மிச்சம். பாலக்காட்டு அட்டப்பாடியில், 2013-இல் அடுத்தடுத்துக் குழந்தைகள் இறந்து நாடே திரும்பிப் பார்த்தபோது, தாய்மாரின் ரத்தசோகையும் ஊட்டக்குறைவும்தான் விவாதத்தின் மையம். அங்கே இருளர் குடிகளில் அரிவாளணு நோயும் உண்டு. அதற்கான பரிசோதனை செய்யாமல் வெறும் மாத்திரையை மட்டும் நம்பிப் பயனில்லை.

ரத்த அழுத்தத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 20 வாரத்துக்கு மேல் 140/90-ஐத் தொட்டால் அன்றே டாக்டரைப் பார்க்க வேண்டும். விடாத தலைவலி, கண் மங்கல் அல்லது பூச்சி பறப்பது, நெஞ்சுக்குழி வலி, முகம் ஊதுவது, இவை இருந்தால் இரவானாலும் கிளம்ப வேண்டும். முதல் பிள்ளைக்காரிகளுக்கு இது அதிகம் வரும். வலிப்பைத் தடுக்கும் மக்னீசியம் சல்பேட் விலை மலிவான உப்பு. 33 நாடுகளில் சுமார் 10,000 பெண்களிடம் நடத்தி 2002-இல் வெளியிட்ட மேக்பை ஆய்வில் அது வலிப்பு அபாயத்தைப் பாதிக்கு மேல் குறைத்தது.

சரி, மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தாயிற்று. இனி வேறொரு பயம். எதற்கெடுத்தாலும் சிசேரியன் என்கிறார்களே? பயம் ஆதாரமில்லாதது இல்லை. அதே 2019–21 ஆய்வில் கேரளத்துப் பிரசவங்களில் 38.9 சதவீதம் அறுவை, தமிழ்நாட்டில் 44.9. தமிழ்நாட்டுத் தனியார் மருத்துவமனைகளில் மட்டும் 63.8. ஒரு சமூகத்தில் சிசேரியன் 10 சதவீதத்தைத் தாண்டினால் அதற்கு மேல் சாவு குறைவதாகத் தெரியவில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2015-இல் சொன்னது. இதில் டாக்டர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. நட்சத்திரம் பார்த்து 37-ஆம் வாரத்திலேயே வயிற்றைக் கிழிக்கச் சொல்லும் குடும்பங்கள் நம்மிடையே இருக்கின்றன. 39 வாரத்துக்கு முன் வலியே வராமல் எடுத்த குழந்தைக்கு மூச்சுத் திணறல் வரும் வாய்ப்பு அதிகம். ஜாதகக்காரர் அந்த வார்டுக்கு வந்து நிற்கப்போவதில்லை.

தலைப்பிரசவத்தில் இந்த முடிவுக்குக் கனம் அதிகம். முதல் பிள்ளை சிசேரியன் என்றால், அடுத்ததும் பெரும்பாலும் சிசேரியன்தான். பழைய தழும்பின் மேல் நஞ்சு வேரோடும் ஆபத்தும் ஒவ்வொரு அறுவைக்கும் கூடும். ஆகவே அவசரமில்லாத நேரத்தில் டாக்டர் எதைச் சொன்னாலும் நான்கு கேள்வி கேட்கலாம். இதனால் என்ன நன்மை? என்ன ஆபத்து? வேறு வழி இருக்கிறதா? ஒரு மணி நேரம், அல்லது ஒரு நாள் பொறுத்தால் என்ன ஆகும்? நான்காவதுதான் முக்கியமான கேள்வி. ‘குழந்தையின் துடிப்பு இறங்குகிறது, பொறுக்க முடியாது’ என்று பதில் வந்தால் அங்கேயே கையெழுத்துப் போடுங்கள். ‘வலி மெதுவாக இருக்கிறது, அவ்வளவுதான்’ என்றால், ஜாங்கின் கணக்கு உங்கள் பக்கம் இருக்கிறது.

வலி வரவைக்கும் மருந்தைப் பற்றி நம் பாட்டிமார் சொல்வது ‘மருந்து வைத்தால் ஆபரேஷன்தான்’. 2018-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று அதைக் கலைத்தது. சிக்கல் ஏதுமில்லாத, சுமார் 6,000 முதல் பிள்ளைக்காரிகளில் 39-ஆம் வாரத்தில் மருந்து வைத்தவர்களுக்கு சிசேரியன் 18.6 சதவீதம், காத்திருந்தவர்களுக்கு 22.2. ஆக, மருந்தே குற்றவாளி இல்லை. கருப்பைவாய் திறக்க நேரம் கொடுக்காமல் நடுவில் பொறுமை இழப்பதுதான் சிக்கல். இதற்கு மாறாக, சிக்கல் இல்லாத பெண்ணுக்கு இதயத் துடிப்பு மானிட்டரை இடைவிடாமல் கட்டி வைப்பதால் அறுவை கூடுகிறது; மூளைவாதமோ சாவோ குறையவில்லை. பிறந்த குழந்தைக்கு வரும் வலிப்பு மட்டும் குறைகிறது. கால் மணிக்கு ஒருமுறை துடிப்பைக் கேட்கிற பொறுமையான நர்ஸ் இருந்தால் போதும். மலையில் இருக்கும் சிறிய மருத்துவமனைக்கு இது ஆறுதலான சேதி.

கருவிகளைவிட மலிவாகவும் அவற்றைவிட உறுதியாகவும் பலன் தருவது கூடவே ஒரு ஆள் இருப்பது. 17 நாடுகளில் 15,000-க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்த சோதனைகளைத் தொகுத்து 2017-இல் வந்த ஆய்வில், வலி நேரம் முழுக்கத் துணை இருந்த பெண்களுக்கு சிசேரியன் கால்வாசி குறைந்தது, வலி நேரமும் சுருங்கியது. அம்மாவோ அக்காவோ அத்தையோ, பெற்றுப் பழகிய, பயப்படாத ஒருத்தி போதும். மத்திய அரசு 2016-லேயே அரசு மருத்துவமனைப் பிரசவ அறையில் துணைக்கு ஒருவரை அனுமதிக்கச் சொல்லிவிட்டது. வாசலில் காவலாளி தடுத்தால் அந்த உத்தரவைச் சொல்லலாம்.

கையெழுத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ‘புருஷன் கையெழுத்து இல்லாமல் தியேட்டருக்குள் எடுக்க மாட்டோம்’ என்பது எங்கும் கேட்கிற வசனம். கணவன் எஸ்டேட்டிலிருந்து இறங்கி வர ஒரு மணி நேரம் போகும். வயது வந்த, நினைவோடு இருக்கும் பெண்ணின் சம்மதமே சம்மதம். அவளுக்காக அவள் அம்மா கொடுத்த ஒப்புதல்கூடச் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2008 ஜனவரியில் ஒரு வழக்கில் தீர்ப்பளித்திருக்கிறது. உயிருக்கு ஆபத்து என்றால் யாருக்காகவும் காத்திருக்கத் தேவையில்லை என்பதும் அதே தீர்ப்பில் இருக்கிறது. எனவே பேனா அவள் கையில்தான் இருக்க வேண்டும். அதற்கு அவளுக்கு முன்கூட்டியே விஷயம் தெரிந்திருக்க வேண்டும். எட்டாம் மாதப் பரிசோதனைக்குக் கணவரும் மாமியாரும் உடன் போய் டாக்டர் சொல்வதைக் கேட்டுவிட்டால், ராத்திரி இரண்டு மணிக்கு வராந்தாவில் பஞ்சாயத்து நடக்காது.

கடைசியாக, எங்கே பெறுவது. ஹைரேஞ்ச் என்று சொல்லும் இந்த மலைப்பகுதித் தமிழர்களில் பலருக்குத் தலைப்பிரசவம் தாய்வீட்டில். அது தேனியோ சங்கரன்கோவிலோ கோவில்பட்டியோ. நல்ல வழக்கம்தான். மலையை விட்டு இறங்கிவிடுகிறாள், அம்மா பக்கத்தில் இருக்கிறாள். சிக்கல் காகிதத்தில். இங்கே எடுத்த ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, தாய்-சேய் அட்டை எல்லாம் கையோடு போக வேண்டும். தமிழ்நாட்டில் கர்ப்பத்தைப் பதிந்து தரும் பிக்மி எண் வாங்காமல் பிறப்புச் சான்றிதழுக்கு அலைய வேண்டியிருக்கும். கிராமச் சுகாதாரச் செவிலியரிடம் போய்ச் சேர்ந்த வாரமே பதிந்துகொள்ள வேண்டும். போவது 36-ஆம் வாரத்துக்கு முன்பாக இருக்கட்டும். பெறப்போகும் மருத்துவமனை எதுவானாலும் கட்டடத்தைப் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். ராத்திரியில் மயக்க மருந்து டாக்டர் இருக்கிறாரா, ரத்தம் எவ்வளவு நேரத்தில் கிடைக்கும், இரண்டையும் கேளுங்கள். அரசு மருத்துவமனையில் சிசேரியன், ரத்தம், வண்டி எல்லாமே 2011 முதல் இலவசம்.

தாய்வீடு போக முடியாதவர்கள், கடைசி இரண்டு வாரம் மட்டும் மருத்துவமனைக்குப் பக்கத்தில் உள்ள உறவினர் வீட்டில் வந்து இருந்துவிடலாம். வலி வந்ததும் ஓடிவந்து, ‘இன்னும் திறக்கவில்லை’ என்று திருப்பி அனுப்பப்பட்டு, மறுபடியும் மலையேறி இறங்குகிற அவதி இதனால் மிச்சம். கியூபா 1962-இலிருந்தே இதற்கென்று காத்திருப்பு இல்லங்கள் கட்டியது. தமிழ்நாட்டில் மலைப்பகுதி ஆரம்ப சுகாதார நிலையங்களில் பிரசவ காத்திருப்பு அறைகள் இருக்கின்றன. அடிமாலியில் அப்படி நாலு அறை இருந்தால் மாட்டுப்பட்டி, குண்டளை, எல்லப்பட்டி, எடமலைக்குடி அத்தனைக்கும் உதவும். பஞ்சாயத்தும் தோட்டக் கம்பெனியும் சேர்ந்து செய்யக்கூடிய காரியம் இது.

இரண்டு வாரம் முன்பே இறங்கினால் கூலி போகுமே என்பவர்களுக்கு: மகப்பேறு விடுப்பு 26 வாரம், அதில் 8 வாரம் வரை பிரசவத்துக்கு முன்பே எடுக்கலாம். முந்திய 12 மாதத்தில் 80 நாள் வேலை செய்திருந்தால் போதும். தினக்கூலிப் பெண்களுக்கும் மகப்பேற்றுச் சலுகை உண்டு என்று 2000-இலேயே உச்ச நீதிமன்றம் டெல்லி மாநகராட்சி வழக்கில் சொல்லிவிட்டது. தற்காலிகம் என்று சொல்லி யாராவது மறுத்தால், எழுத்தில் தரச் சொல்லிக் கேளுங்கள்.